மூன்றாம் தண்ணீர்

மகளின் தலையணையில் உப்பு இருந்தது.

சூரியபிரகாஷ் முதலில் அதைச் சர்க்கரை என்றுதான் நினைத்தான். ஏழு வயதுப் பிள்ளை படுக்கிற இடத்தில் சர்க்கரை கிடப்பதில் என்ன அதிசயம். விரலில் ஒற்றி நாக்கில் வைத்ததும் கரித்தது. சமையல் உப்பின் கரிப்பு இல்லை. அடியில் லேசான கசப்போடு வருகிற உப்பு, மீன் தொட்டிக்கென்று அவன் பை பையாக வாங்கி அடுக்கியிருக்கிற கடலுப்பு. அது அவனுடைய சட்டைப் பையில் இருக்கும், பைக் சாவியில் இருக்கும், சில நாள் சோற்றில்கூட இருக்கும். நம் கையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு தலையணையை எடுத்துத் தட்டினான். தட்டும்போதுதான் கவனித்தான், பிள்ளையின் கன்னம் அமுங்கிய பள்ளத்தில் மட்டும் உப்பு கெட்டியாகப் படிந்திருந்தது.

மதுரைக்காரனுக்குக் கடல் மீன் என்றால் குழம்பில் கிடப்பதுதான். அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கும் ஆசை சூரியபிரகாஷுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கப்பலூரில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பழங்காநத்தத்தில் வாடகை வீடு, மனைவி தமிழ்ச்செல்வி, மகள் பவதாரிணி, வீட்டில் பாப்பா. வீட்டுக் கூடத்தில் பெரிய தொட்டி வைத்து, இரண்டு கோமாளி மீன்களை விட்டு, அவை சாகாமல் இருந்ததையே பெரிய சாதனையாக எண்ணிக்கொண்டிருந்தான். அந்தத் தெம்பில்தான் நீல நிறத்தில் மஞ்சள் வாலோடு ஒரு டேங் மீனை வாங்கி வந்தான்.

விற்ற வெங்கடேஷ்பாபு நல்ல மனிதர். படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

"புது மீன நேரா பெரிய தொட்டில விட்றாதீங்க தம்பி. கொஞ்ச நாள் தனியா வைங்க. அதுக்குன்னு தனி வலை, தனி கப்பு. அந்தத் தண்ணி பட்ட எதையும் வேற தண்ணில முக்கக் கூடாது. இம்புட்டுதான் விஷயம். இதுல ஏமாந்தா எல்லாம் போச்சு."

கம்பளி துவைக்கிற அகலமான வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியைப் பின்னறைக்கு இழுத்துப் போனான். கடலுப்பைக் கரைத்தான். மீன் ஒளிந்துகொள்ளக் கம்பெனியிலிருந்து குழாய்த் துண்டுகள் கொண்டுவந்து போட்டான். பாப்பா மீனுக்கு நீலா என்று பெயர் வைத்தாள். இரண்டொரு நாளில் நீலாவின் உடம்பில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. குழாயில் உடம்பை உரசியது. ஒரு பக்கம் உரசும், திரும்பி மறுபக்கம் உரசும். வெங்கடேஷ்பாபு சொன்னபடி செம்பு கலந்த மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து விட்டான். மருந்தின் அளவு சரியா என்று சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து நிறம் பார்த்தான். கம்பெனியிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் பின்னறைக்குத்தான் போனான்.

அதே வாரம் பாப்பாவுக்கு அம்மை போட்டது.

தமிழ்ச்செல்வி வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. பிள்ளையை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, இளநீரும் மோரும் கொடுத்து, அக்கம்பக்கத்து ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். டாக்டரிடம் காட்டலாமா என்று சூரியபிரகாஷ் ஒரு தரம் கேட்டான்.

"ஆத்தா வந்திருக்கா. மருந்து மாத்திரை பேச்ச எடுக்காதீங்க. மூணாந் தண்ணி ஊத்துனா எல்லாம் எறங்கிரும்" என்றாள்.

அவன் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். சண்டைக்குப் பயந்து விட்டான் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதி, அவன் கவனமெல்லாம் பின்னறையில் இருந்தது. அங்கே போகும் வழியில்தான் பாப்பாவின் கட்டில். சிரிஞ்சும் மருந்துப் பாட்டிலுமாக அவன் போவதை அவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, நீலாவுக்கு மட்டும் மருந்து குடுக்குறீங்க. எனக்கு ஏன் குடுக்கல?"

"அது வாயில்லாப் பிராணிடா. ஒனக்குத்தான் ஆத்தா இருக்கால்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பின்னறைக்குள் போய் மருந்தை அளந்தான். பெற்ற பிள்ளையைவிட மீன் பெரிதாகப் போய்விட்டதா என்று மனசு கேட்டது. குற்றத்தை ஈடுகட்டுகிறவனாகத் திரும்பி வந்து அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு நீலாவையும் பெரிய தொட்டியில் விட்டுவிடலாம், இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே வரலாம். பாப்பாவின் முகம் மலர்ந்தது.

பாப்பாவின் முத்துகள் காய்ந்து உதிரத் தொடங்கியபோது நீலாவின் புள்ளிகளும் மறைந்தன. ஒன்றுகூட இல்லை. தோல் பளபளவென்று இருந்தது. பாப்பாவைத் தூக்கிவந்து காட்டினான்.

"பாரு, அதுக்கும் முத்து எறங்கிருச்சு."

பாப்பா குனிந்து பார்த்தாள். மீனைப் பார்க்கவில்லை, தொட்டியின் அடியைப் பார்த்தாள்.

"எறங்கி எங்கப்பா போச்சு?"

அன்று சாயங்காலமே வெங்கடேஷ்பாபுவுக்குப் போன் போட்டான். அவர் பதறினார்.

"அது கொணமாகல தம்பி. மேல இருந்த பூச்சி கீழ விழுந்து ஓடு கட்டி ஒக்காந்திருக்கு. ஒவ்வொன்னும் நூறா வெடிச்சு மறுபடி மேல வரும். நான் சொல்ற வரைக்கும் மருந்த நிறுத்தாதீங்க, மீன எடுக்காதீங்க."

"சரிண்ணே" என்றான் சூரியபிரகாஷ்.

ஆனால் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. புள்ளி ஒன்றும் இல்லை. முத்து உதிர்ந்தால் முடிந்தது, தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிட உறுதியான கணக்கு வேறெதுவும் தெரியாது. கடைக்காரர் கடைக்காரர் மாதிரிதான் பேசுவார் என்று எண்ணிக்கொண்டான்.

மூன்றாம் தண்ணீருக்கு முற்றத்து வெயிலில் அண்டா நிறைய மஞ்சளும் வேப்பிலையும் மிதந்துகொண்டிருந்தன. நடுவில் பாப்பா மணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் எதிரே சூரியபிரகாஷ் முற்றத்தை ஒட்டிய பின்னறைத் தொட்டியின் அடியோடு, மீனுக்கென்று வைத்திருந்த நீலக் கப்பை விட்டு மீனை அள்ளி, கூடத்துக்கு ஓடிப் பெரிய தொட்டியில் கவிழ்த்தான். பாப்பா கை தட்டினாள்.

"என்னங்க, ஊத்துறதுக்குக் கப்பு எங்க? வெயில்ல புள்ள காயுது" என்றாள் தமிழ்ச்செல்வி.

கையிலிருந்ததை நீட்டினான். அதன் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"மீன் கப்பா? கழுவிட்டீங்கள்ல?"

"கழுவிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னான்? குழாயடி எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. தமிழ்ச்செல்வி கப்பை அண்டாவுக்குள் முழங்கை நனைய முக்கி அள்ளி, "ஆத்தா, தாயே" என்று பிள்ளையின் உச்சந்தலையில் ஊற்றினாள். பாப்பா கண்ணை மூடவில்லை. வாயைத் திறந்திருந்தாள். ஈரக் கையால் தமிழ்ச்செல்வி தன் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில்தான் தலையணையில் உப்பு.

அதன் பிறகு பாப்பா பேசுவது குறைந்தது. கூடத்துத் தொட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், குடித்துவிட்டு நல்லா இல்லை என்றாள். நடைவாசலைக் கடக்கும்போது நிலையில் தோளை ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது மறுதோளை.

"முத்து காஞ்ச எடம் அப்பிடித்தான் அரிக்கும்" என்றாள் தமிழ்ச்செல்வி.

சூரியபிரகாஷின் கண் மீன்களிடம் போனது. கூடத்துத் தொட்டியில் கோமாளி மீன்கள் பாறையில் உரசத் தொடங்கியிருந்தன. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அவற்றின் உடம்பு முழுக்க வெள்ளை. நீலா ஒரு மூலையில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. வெங்கடேஷ்பாபு போனில் கேட்டபோது, "இன்னும் தனியாத்தாண்ணே இருக்கு" என்றான். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. தமிழ்ச்செல்வியிடம் கப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான். நினைத்ததோடு சரி. பின்னறைத் தொட்டியின் தண்ணீரைக்கூட அவன் கொட்டவில்லை. அந்த அறைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

மாதாந்திரப் பராமரிப்பென்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்திய நாள் அது. சாயங்காலம் வரவேண்டியது வரவில்லை. தமிழ்ச்செல்வி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்துப் போயிருந்தாள். "புள்ள தூங்குறா, பாத்துக்கங்க. போயிட்டு வெரசா வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வந்ததும் சொல்லிவிடுவது என்று இன்றைக்கு முடிவே செய்துவிட்டான். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போவது. யார் தடுத்தாலும் போவது.

வெளியே வெளிச்சம் சுருங்கிக்கொண்டு வந்தது. மீன் தொட்டியின் காற்று மோட்டார் நின்ற வீட்டில், இத்தனை நாள் அந்த இரைச்சலுக்கு அடியில் வேறென்னென்ன சத்தங்கள் இருந்தன என்பது இப்போதுதான் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. தெருவில் ஒரு பால்காரரின் மணி, பக்கத்து வீட்டுப் பாத்திரம், வாசலில் காய்ந்த வேப்பிலையின் சலசலப்பு. கூடத்துத் தொட்டியிலிருந்து கருவாட்டு வாடை கிளம்பியது. குனிந்து பார்த்தான். கோமாளி மீன்கள் இரண்டும் மேலே மிதந்தன. நீலாவைக் காணவில்லை.

அப்போது உரசும் சத்தம் கேட்டது.

சர்ர். கொஞ்சம் இடைவெளி. சர்ர்.

ஈரமான எதையோ பிளாஸ்டிக்கில் தேய்க்கிற சத்தம். பின்னறையிலிருந்து வந்தது. அங்கே மீன் இல்லை. அங்கே இப்போது எதுவுமே இல்லை.

பாப்பாவின் கட்டிலைத் தொட்டுப் பார்த்தான். வெறும் படுக்கை. விரிப்பெல்லாம் நறநறவென்று உப்பு.

"பாப்பா?"

சர்ர்.

தரை ஈரமாக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். வெள்ளைத் தொட்டி. விளிம்பு வரை தண்ணீர். குழாய்த் துண்டுகள் வெளியே சிதறிக் கிடந்தன. யாரோ இடம் செய்துகொண்டதைப் போல.

குனிந்தான்.

பாப்பா அடியில் படுத்திருந்தாள். முழங்காலை மார்போடு மடக்கி, ஒரு பக்கமாக. கண் திறந்திருந்தது. மூக்கிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

உடம்பு முழுக்க வெள்ளை. இமையில்கூட.

அவன் இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டான். தூக்கப் போனான். பாப்பா துள்ளி விலகினாள். அவன் கை நிழலுக்குப் பயந்து மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டாள். மூலையில் தோளைத் தேய்த்தாள். சர்ர். திரும்பி மறுதோளை. சர்ர். தேய்த்த இடத்திலிருந்து வெள்ளை உதிர்ந்து, மெதுவாக இறங்கி, அடியில் போய்ப் படிந்தது. அவள் கண் அதையே பார்த்தது. எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வாசல் கேட் திறந்தது. செருப்புச் சத்தம். கற்பூர மணம்.

"என்னங்க, கரண்ட்டு இன்னும் வரலையா? பாப்பா முழிச்சிட்டாளா?"

தமிழ்ச்செல்வியின் குரல். சூரியபிரகாஷ் முழங்கை வரை தண்ணீரில் கிடந்த கையை எடுக்காமல், திரும்பாமல், அழுதுகொண்டே சொன்னான்.

"செல்வி, அந்தக் கப்ப நான் கழுவல. பொய் சொல்லிட்டேன். அத நான் கழுவல."

அவள் பின்னறை வாசலுக்கு வந்து நின்றது தெரிந்தது. மூச்சு கேட்டது. திட்டுவாள், அலறுவாள், பிள்ளையைப் பறித்துத் தூக்குவாள் என்று காத்திருந்தான். அவள் அலறினால்கூடப் போதும் என்றிருந்தது.

அப்போது கரண்ட் வந்தது. கூடத்தில் மோட்டார் இரையத் தொடங்கியது. அந்த இரைச்சலையும் மீறி அவன் முதுகுக்குப் பின்னால் அதே சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான்.

தமிழ்ச்செல்வி மாவிளக்குத் தட்டைக் கையில் ஏந்தியபடி நிலையில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம். கழுத்திலிருந்து காது வரை பொடிப்பொடியாக வெள்ளை. கண்ணை இமைக்காமல் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, ஒரு தோளை நிலையில் மெல்லத் தேய்த்தாள். பிறகு திரும்பி, மறுதோளைத் தேய்த்தாள்.