கிழமைக்கு ஒரு கல்

அல்லிச் சட்டிக்கு அடியில் அல்பேட் அடுக்கியது நாலே நாலு செங்கல். அதில் இரண்டு இன்னும் தண்ணீருக்குள் தெரிந்தன. ஆனால் கரையில் பாசியோடு ஆறு கல் கிடந்தன. உடுப்புக் காயப்போட வந்த ஜோசப்பின் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள்.

அறுபத்து நாலாம் ஆண்டு மாரியில் வவுணதீவுத் தோணி கவிழ்ந்து, மூத்த மகள் மக்டலின் வாவியோடு போய் ஐந்து மாதமாகிறது. அதற்குப் பிறகு ஜோசப்பினுக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு கொதிக்கும், இறக்குவாள், அவ்வளவுதான். அவள் புருசன் அல்பேட் அழவில்லை. வளவுக்குள் குளம் வெட்டினான். சட்டியில் களிமண் போட்டு, அல்லிக் கிழங்கைப் பதித்து, மண் கலங்காமல் மேலே குறுணிக் கல் பரப்பி, செங்கல் அடுக்கின் மேல் இறக்கி வைத்தான். தண்டு நீள நீள, கிழமைக்கு ஒரு கல்லாக உருவினான்.

"ஒரே நாளில ஆழத்தில வெச்சா மூச்சு முட்டிச் செத்திரும் கா," என்பான். "மெல்ல மெல்லப் பழக்கினா எந்த ஆழத்திலயும் இருக்கும்."

இளையவள் அஞ்சலாவின் தலை சில நாட்களாக எந்நேரமும் ஈரமாகவே இருந்தது. தலையணையில் சேற்று மணம் அடித்தது, ஒருநாள் காதுக்குள் பாசிகூட இருந்தது. தகப்பன் குளிக்க வார்த்திருப்பான் என்று ஜோசப்பின் விட்டுவிட்டாள். கேட்பதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

அல்பேட் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அக்கரை ஓரமாகப் புதிதாகக் கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்க, பிள்ளை எங்க?"

"இஞ்சதான்."

"இவ்வளவு கல்லும் எங்கால வந்தது?"

"பிள்ளைட இருக்கைக் கல்லு. போன கிழமை மூக்கு மட்டுக்கும் தண்ணிக்குள்ள இருந்தா. காலம மற்றதையும் எடுத்திட்டன்." அவன் குரல் பதமாக இருந்தது. "இனி எந்தத் தோணி கவிழ்ந்தாலும் பயமில்ல."

ஜோசப்பினுக்குப் பயம் வந்தது. ஐந்து மாதத்தில் முதன்முதல் உறைத்தது அதுதான்.

ஓடு. பிள்ளையைத் தூக்கு. காலையில் எடுத்தானாம். இப்போது உச்சி வெயில்.

அல்பேட் புது அடுக்கைத் தட்டிக் காட்டினான். "உனக்கு மூணு கல்லுப் போதும். நீ உயரம்தானே."

குனிந்தாள். அல்லி இலையை விலக்கினாள்.

தண்டுகளுக்கு நடுவே கூந்தல். அடியில் அஞ்சலா. பூசைக்கு இருப்பதுபோல் கையை மடியில் வைத்து இருந்தாள். கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தாள்.

சிமிட்டினாள்.

குமிழி ஒன்றும் எழும்பவில்லை.