முழு மனம் வைத்த வண்டி

நிலவுக்குக் கிளம்பும்போதெல்லாம் கொம்பையாவுக்கு ஒரே ஒரு கவலைதான்: வண்டியை எங்கே விட்டுவிட்டுப் போவது?

விண்கலம் நடுவழியில் வெடிக்குமோ, நிலவின் தென்துருவக் குளிரில் விரல் விறைத்து ஒடியுமோ என்றெல்லாம் அவர் யோசித்தது கிடையாது. விரல் போனால் வேறு விரல் வளர்த்துக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அவர் கையில் இருந்தவற்றில் இரண்டு அப்படி வந்தவைதான். வண்டி போனால் போனதுதான்.

நிலவின் பனிச் சுரங்கத்தில் பம்புகளுக்குப் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. வருடத்துக்கு ஒரு முறை போவார். திரும்பி வர நான்கைந்து மாதம் ஆகிவிடும். அதுவரை அவருடைய மோட்டார் சைக்கிள் குலசேகரன்பட்டினம் விண்தளத்தின் வண்டிக் கொட்டகையில் நிற்க வேண்டும். ஏரலில் இருக்கும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்கிறவர்களுக்கு அவருடைய மைத்துனன் அருள்துரையைத் தெரியாது. "சும்மா நிக்க வண்டிதான அத்தான், நான் ரெண்டு ஓட்டு ஓட்டிக்கிடுதேன்" என்று ஒரு தடவை வாங்கிப் போனவன், வண்டியைச் சாக்கில் கட்டித் திருப்பிக் கொண்டுவந்தான்.

ஏற்கெனவே இரண்டு வண்டிகளைக் களவு கொடுத்தவர் கொம்பையா. முதல் வண்டிக்கு விரல்ரேகைப் பூட்டு. டீக்கடையில் அவர் குடித்து வைத்த கண்ணாடி டம்ளரிலிருந்து ரேகையை எடுத்து, அதே டீ ஆறுவதற்குள் ஒருவன் ஓட்டிப் போய்விட்டான். இரண்டாவதற்கு எஃகுச் சங்கிலி. அதற்குள் திருடர்கள் கைக்குப் பூட்டுண்ணிகள் வந்துவிட்டன. மூட்டைப்பூச்சி அளவுள்ள குட்டி இயந்திரங்கள். ஒரு பிடி அள்ளிப் போட்டால் எஃகை அவல் மாதிரி தின்று தீர்க்கும். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, விட்ட இடத்தில் செருப்பு இருந்தது, வண்டி இல்லை. நாட்டு வழக்கத்துக்கு நேர்மாறாக நடந்துவிட்டதால், அவர் கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வண்டி நல்ல செம்பழுப்பு நிறம். செவலை என்று பேர் வைத்தார். மறுநாளே அதை ஓட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு பூட்டுக் கடைக்குப் போனார்.

"பூட்டெல்லாம் போன தலைமொற அண்ணாச்சி," என்றார் கடைக்காரர். "வாரது யாருன்னு பூட்டுக்குத் தெரியாதுல்லா? மனசு வச்சிருங்க. நல்லவனா கெட்டவனான்னு வண்டியே கண்டுபிடிச்சிரும். கெட்டவன்னா கூப்பாடு போடும், பொய் சொல்லும், எடத்த விட்டு நகந்துரும்."

தற்காப்பு மனம் என்று அதற்குப் பெயர். இருக்கைக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. கால் மனம், அரை மனம், முழு மனம் என்று மூன்று தரம்.

"உங்களுக்கு அரை மனசே தாராளம். முழு மனசுன்னா அது சொந்தமா யோசிக்கும்."

"யோசிக்கட்டுமே! நிக்க வண்டிக்கு யோசிக்க என்ன கெடக்கு? அரை மனசோட நான் எதையும் செய்யதில்ல. முழுசாவே வைங்க."

வீட்டுக்கு வருகிற வழியிலேயே வண்டி பேச ஆரம்பித்தது. "மொதலாளி, எதிர்க்க லாரி வருது" என்றது. கொம்பையாவுக்கும் செல்வசுந்தரிக்கும் பிள்ளை கிடையாது. அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "மொதலாளின்னு சொல்லாத. அப்பான்னு கூப்புடு" என்றார்.

அந்த வருடப் பயணத்தின் போது செவலையைக் கொட்டகையில் நிறுத்தி, மழை படாமல் போர்வை போர்த்தி, பழக்கதோஷத்தில் ஒரு சங்கிலியையும் மாட்டிச் சாவியை அதனிடமே கொடுத்தார். "யார் கூப்புட்டாலும் போகக் கூடாது. யார்ட்டயும் பேச்சு வச்சுக்கிடக் கூடாது. நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு பாத்து நடந்துக்கோ. என்ன?"

"சரிப்பா."

நிலவிலிருந்து தினமும் கூப்பிட்டார். குரல் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வரக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில் அவர் உயிர் போய்ப் போய் வரும். முதல் மாதம் செவலை வளவளவென்று பேசியது. யார் யார் வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார்கள், எவனை எப்படிக் கத்தி விரட்டினேன் என்று கதை கதையாகச் சொன்னது. சுரங்கத்தில் கூட வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவர் பெருமையோடு கேட்டார். ஆனால் போகப் போகப் பேச்சு சுருங்கியது.

"சார்ஜ் போட்டாங்களா?"

"ம்."

"என்ன செய்துட்டிருக்க?"

"சும்மாதான் நிக்கேன்."

"நேத்து ராத்திரி பூரா லைன் பிஸியாவே இருந்துச்சே. யார்ட்டப் பேசிட்டிருந்த?"

இந்தத் தடவை பதில் வர வழக்கத்தைவிடத் தாமதமானது. "யார்ட்டயும் இல்லப்பா."

ஒரு நாள் தொடர்பே கிடைக்கவில்லை. வேலை முடிய இன்னும் நாள் இருந்தது. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, கிடைத்த முதல் சரக்குக் கலத்தில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார் கொம்பையா.

கொட்டகையில் செவலை இல்லை. சங்கிலி அறுபடாமல் திறந்து சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் போர்வை நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. எந்தத் திருடன் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போவான்? அருள்துரைக்குப் போன் போட்டு, "மாப்ள, செவலையக் காணும்டே" என்று அழுதுவிட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

ஆய்வாளர் ஜெசிந்தா அவரை எதிர்பார்த்துத்தான் இருந்தார். "உக்காருங்க அண்ணாச்சி. தண்ணி குடிங்க. உங்க வண்டி பத்திரமா இருக்கு."

"புடிச்சிட்டியளா? எவன் தூக்குனான்?"

"யாரும் தூக்கல. அதுவா வந்திருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "தனியா வரல."

பின்கட்டு முற்றத்தில் செவலை நின்றது. கைப்பிடியில் ரோஜா மாலை. அதை ஒட்டினாற்போல் நகராட்சிக் குப்பை வண்டி ஒன்று. பச்சை நிறம், குப்பை அள்ள ஓர் இயந்திரக் கை, பக்கவாட்டில் ஒரு நசுங்கல், மேல்மூடியில் அதே மாதிரி மாலை. இரண்டுக்கும் நடுவே ஒரு மர பெஞ்சு. அதில் அவருடைய மனைவி செல்வசுந்தரி மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

குப்பை வண்டி தன் மூடியை மரியாதையாகக் கொஞ்சம் தாழ்த்தியது. "வணக்கம் மாமா" என்றது.

கொம்பையா அந்தப் பக்கமே பார்க்காமல் ஆய்வாளரிடம் போனார். "இன்ஸ்பெக்டரம்மா, இது களவு கேஸு. எழுதுங்க. என் வண்டியக் குப்ப வண்டி கடத்திட்டுப் போயிட்டு."

"கடத்தல் வராது அண்ணாச்சி. முழு மனசு வச்ச மெஷினுக்கு நூறு நாள் தாண்டிட்டா அது மேஜர். எங்க போகணும், யார் கூட இருக்கணும்னு அதுவே முடிவு பண்ணலாம். இது ரெண்டும் மேஜர். குறுக்க நாய் கீய் வந்தா நிக்கணும்னு நகராட்சியும் முழு மனசுதான் வச்சிருக்கு."

"இதுல பொண்ணு எது, மாப்ள எது?"

"அத எங்கிட்டக் கேக்காதிய."

அவர் மனைவியிடம் திரும்பினார். "நீ இங்க என்னட்டி செய்த?"

"மாலைக்கு யாரு இருக்கா அதுகளுக்கு? நாந்தான் வாங்கிட்டு வந்தேன்," என்றாள் செல்வசுந்தரி. அவள் கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் அசையவில்லை. "நாலு மாசமா தெனம் வண்டிக்குப் போன் போட்டிய. எனக்கு எத்தன தடவ போட்டிய? செவலைதான் எனக்குப் போட்டுச்சு. 'அம்மா, தனியா நிக்கதுக்குப் பயமா இருக்கு'ன்னு சொல்லும். நானும் இங்க தனியாத்தான் இருக்கேன்னு சொல்லுவேன். காலையில குப்ப எடுக்க வாரது மட்டும் நின்னு நல்லாருக்கியான்னு கேட்டுட்டுப் போவுதுன்னு சொல்லுச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

கொம்பையா செவலை முன்னால் போய் நின்றார். "போயும் போயும் குப்ப வண்டியா? உன்னய நான் எப்படித் தொடச்சுத் தொடச்சு வச்சிருந்தேன்! திருடன்ட்ட இருந்து காப்பாத்தணும்னுதான உனக்கு மனசே வச்சேன்?"

"நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு பாத்து நடந்துக்கோன்னு சொன்னீங்கப்பா. பாத்துத்தான் நடந்துக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? வண்டிக்கு வண்டி புடிச்சிருக்குன்னா பக்கத்துல போய் நின்னுக்கிட வேண்டியதுதான? மெஷினுக்கு என்ன சாதி, என்ன கொலம்? எதுக்கு இந்த மாலை, எதுக்கு இந்த ஓட்டம், எதுக்கு போலீஸ் ஸ்டேஷன்?"

செவலையின் முன்விளக்கு மங்கிப் பிரகாசித்தது. "எங்களுக்குள்ள சாதி ஒண்ணும் கெடையாதுப்பா. திருடனக் கண்டுபிடிக்கணும்னா மனுசங்களப் பத்தித் தெரியணும்னு, பழைய போலீஸ் பதிவு, கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாத்தையும் எனக்குள்ள ஏத்தி வச்சிருக்காங்க. நின்ன எடத்துல நின்னுக்கிட்டு அத்தனையும் படிச்சேன். களவாண்ட வண்டிய எந்தத் திருடனும் அடிச்சு நொறுக்கல. தொடச்சு ஓட்டுனான், இல்லன்னா வித்தான். என்னோடது, என்னோடதுன்னு பொத்திப் பொத்தி வளத்தவங்கதான், தனக்குப் புடிச்சவங்களோட போன புள்ளய..." அது நிறுத்திக்கொண்டது. "வீட்டுல சொல்லிட்டுப் போனவங்க பதிவு எதுவும் நல்லா முடியலப்பா. நேரா ஸ்டேஷனுக்கு வந்தவங்கள்லதான் கொஞ்சம் பேராவது மிஞ்சிருக்காங்க. அதான்."

ஜெசிந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நான் அப்படிப்பட்ட ஆளாடா?" என்று கேட்டார் கொம்பையா. அது கேள்வியாகத் தொடங்கி, முடியும்போது என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. அருள்துரையும், செல்வசுந்தரியின் பெரிய மாமாவும், இன்னும் நாலைந்து சொந்தக்காரர்களும். வரும் வழியிலேயே ஊர் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தது. கொம்பையா வெளியே போனதும் அருள்துரை அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனான்.

"நம்ம வண்டி நின்ன எடத்துல குப்ப வண்டி டயரு பட்டாலே கழுவி விடுத ஆளுக நாம. இத இப்படியே விட்டா நாளைக்கு வெளிய தலகாட்ட முடியாது அத்தான். ஒண்ணுஞ் சொல்லாதிய. சிரிச்சுப் பேசுங்க. நடந்தது நடந்துட்டு, விருந்து வைக்கோம், வீட்டுக்கு வாங்கன்னு ரெண்டையும் கூப்புடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

வேனின் பின்சீட்டில் பெரிய பை ஒன்று வாய் திறந்து கிடந்தது. ஸ்பானர்கள், சுத்தியல், இரும்பறுக்கும் ரம்பம். பெரிய மாமா அதற்குப் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

கொம்பையா அந்தப் பையைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ திருடர்களுக்குப் பயந்திருக்கிறார். அவர்களில் ஒருவன்கூட வெற்றிலை மென்றபடி, இவ்வளவு நிதானமாக, அவர் சம்மதத்துக்காகக் காத்திருந்ததில்லை.

"இருங்க, கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முற்றத்துக்குப் போனதும் கதவைத் தாழிட்டார். "பின்பக்கம் வழி இருக்கா?" என்று கேட்டார். ஜெசிந்தா ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். கொம்பையாவே போய்க் கேட்டைத் திறந்தார். வெளியே தேரிக்காட்டுச் செம்மணல் பாதை.

"போங்க. உடனே போங்க. எந்த ஊருக்குப் போனாலும் எங்கிட்டச் சொல்லாத. நான் போன் போட்டா எடுக்காத. கேட்டியா? அழுதாலும் எடுக்காத."

"அப்பா..."

"போன்னா போ!" என்று கத்தினார். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, குப்பை வண்டியின் நசுங்கிய பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. "மெதுவாக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு மணல்ல ஓடிப் பழக்கமில்ல."

"சரிங்க மாமா" என்றது குப்பை வண்டி.

செல்வசுந்தரி மிச்சமிருந்த பூவைச் செவலையின் கண்ணாடியில் சுற்றிவிட்டாள். பனைமரங்களுக்கு இடையில் செம்புழுதி எழுந்து அடங்கும்வரை இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் அருள்துரை வேன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். "என்ன அத்தான், மசிஞ்சுதா?"

கொம்பையா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அது நம்ம வண்டியே இல்ல மாப்ள. அதே நெறம், அதே மாடல். வேற எவனோடதோ. நம்ம செவலை களவுதான் போயிருக்கு. எவனோ ராவோட ராவா அடிச்சுட்டுப் போயிட்டான்."

பெரிய மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"களவா? வெறுங் களவுதானா? அட, அத மொதல்லயே சொல்லப்படாதா! நான் என்னமோ ஏதோன்னுல்லா பதறிட்டேன்."

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து கொம்பையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அருள்துரைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அத்தானைக் கட்டிக்கொண்டு, "மானம் தப்பிச்சுது அத்தான்! வாங்க, எல்லாருக்கும் டீ நான் சொல்லுதேன்" என்றான். பிறகு வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"எந்தக் களவாணிப் பயலோ, நல்லா இருக்கட்டும்!"