சாந்தமானவர்களுக்கே பெட்ரோல்

சிக்னல் பச்சையானாலும் அவினாசி சாலையில் ஒரு வண்டியும் உடனே கிளம்பாது. எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவார்கள். ஸ்டியரிங்கில் பதித்த சாந்தமானி நாடியைப் பார்த்து, ஆள் நிதானமாக இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டால்தான் இன்ஜின் உயிர்பெறும். சாலைச் சண்டையை ஒழிக்க வந்த சட்டம். ஓடும் வண்டியில் அது தலையிடாது என்றுதான் அரசாங்கம் சொல்லியிருந்தது.

அன்று இருதயராஜ் அந்த மூச்சுப் பயிற்சியெல்லாம் வீணாகும்படி கார் மெக்கானிக் கோகிலவாணியின் பட்டறை வாசலில் தன் காரை நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"என் வண்டிக்கு மூணாவது பெட்ரோல் பம்ப்புங்க இது! மூணும் தண்டம்! நீங்க பெரிய இன்ஜெக்டர் போட்டதுலதான் பெட்ரோல் பத்தலை!"

"வேகம் வேணும், டர்போ வேணும்னு கேட்டது யாருங்ணா? பம்ப் மாத்த நானா சொன்னேன்?" கோகிலவாணிக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் இருதயராஜின் கோபத்துக்குக் காரணம் பம்ப் இல்லை, அவர் மகள் ஜெனிட்டா. வீசிங் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுதான் வண்டி நிற்கிறது. போன தடவை மேம்பாலத்தில் நின்றபோது பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. இன்றைக்கும் அவளைப் பின்சீட்டில் வைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பியிருந்தார்; வழியில் வண்டி மறுபடி திணறியதால் பட்டறைக்குத் திருப்பினார்.

கோகிலவாணி எரிபொருள் குழாயில் அழுத்தமானியை இணைத்து, முள் தெரியும்படி அதை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினாள். பம்ப்புக்குப் போகும் வயரில் மின்சாரத்தை அளக்கும் மீட்டரைக் கோத்துக் கையில் வைத்துக்கொண்டு இருதயராஜுக்குப் பக்கத்தில் ஏறினாள்.

இருதயராஜ் கண்ணை மூடி நாலைந்து முறை மூச்சை இழுத்து விட்ட பிறகு வண்டி சீறியது. அழுத்தமானி முள் துளியும் இறங்கவில்லை. பம்ப்பிலும் குறையில்லை, ஃபில்டரிலும் அடைப்பில்லை. அட, அப்புறம் என்னதான் கோளாறு?

பின்சீட்டில் ஜெனிட்டா ஒருமுறை இருமினாள். இருதயராஜ் சட்டென்று திரும்பிப் பார்த்தார். முள் சரிந்தது. மீட்டரில் மின்சாரம் பாதியானது. வண்டி திணறித் திணறி ஓரத்தில் நின்றது.

"பம்ப் இல்லைங்ணா," என்றாள் கோகிலவாணி. "சாந்தமானிதான் கரண்ட்டைக் குறைக்குது. ஓடுறப்பவும் நாடியைப் பார்க்குது, படுபாவி! உங்க பயத்தைக் கோபம்னு நினைச்சுக்குது."

"புள்ள மூச்சுத் திணறுறப்போ பயப்படாம இருக்க நான் என்ன கல்லா?" அவர் ஸ்டியரிங்கைக் குத்தினார். வண்டி கிளம்ப மறுத்தது. கோகிலவாணி இடம் மாறி உட்கார்ந்து பார்த்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அவளுக்கும் மறுத்தது.

டிக்கியைத் திறந்தாள். அங்கிருந்த சாந்தமானிப் பெட்டியின் அரசு முத்திரையை உடைத்தால் அவள் லைசென்ஸ் போகும், பட்டறையும் போகும். "லைசென்ஸாவது மண்ணாங்கட்டியாவது!" என்று முத்திரையைப் பிய்த்தெறிந்து, பம்ப்புக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தாள். ஒரே முறையில் இன்ஜின் உறுமியது. இருதயராஜ் ஓட்ட உட்கார்ந்தார்.

பின்சீட்டில் ஜெனிட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி நின்றது.

"ஏன் கண்ணு இப்படி?" என்றாள் கோகிலவாணி.

"நான் இருமுனா அப்பா பயந்துக்குவாரு ஆன்ட்டி. அப்பா பயந்தா வண்டி நின்னுரும்." விரல்களுக்கிடையிலிருந்து குரல் விட்டுவிட்டு வந்தது. "அதான் வீட்டுலயும் இருமறதில்ல. பழகிக்கிட்டேன்."

இருதயராஜ் வெளிறிய முகத்தோடு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இனி நிக்காது கண்ணு, நல்லா இருமு! சத்தமா இருமு!" கோகிலவாணி அழுதுகொண்டே கத்தினாள்.

ஜெனிட்டா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.