காலிக் கேனும் யானைக் குலமும்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நகபீரா ஊற்றின் மேல் ஆணை. அதன் பக்கத்தில் நிற்கும் பலாமரத்தின் மேல் ஆணை. அந்த மரத்தில் போன வாரம் பழுத்த, மாட்டைவிடக் கொஞ்சமே சின்னதான பலாப்பழத்தின் மேலும் ஆணை. இத்தனை ஆணைக்குப் பிறகும் சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து விளையாடப் போகலாம்.

மற்றவர்கள் கேளுங்கள்.

நகபீரா என்ற ஊரில் நஸ்ஸங்கா என்று ஒரு சிறுமி இருந்தாள். ஐந்தாம் வகுப்பு. பள்ளியின் ‘குட்டிக் கரங்கள்’ மன்றத்துக்கு அவள்தான் துணைப் பொருளாளர். மன்றத்தில் பொருள் எதுவும் இல்லாததால் வேலை சுலபமாக இருந்தது.

பெரியவர்களுக்கு ‘நற்கரம் சங்கம்’ இருந்தது. அதன் தலைவர் கலிபாலா. மருந்துக்கடைக்காரர். சங்கத்தின் மஞ்சள் மேலங்கியும் கையில் ஒரு பித்தளை மணியுமாகத்தான் அவரைப் பார்க்க முடியும். அவர் மணியடிக்கும்வரை சங்கத்தில் யாரும் பேசக் கூடாது. மணியடித்த பிறகு அவர் ஒருவரே பேசுவார்.

ஊருக்கு நல்லது செய்வதில் கலிபாலாவுக்கு நிகர் கிடையாது. போன வருடம் கடைத்தெருவில் ஒரு பெஞ்சு போட்டு, பச்சை வர்ணம் அடித்தார். வர்ணம் கெட்டுவிடும் என்று இன்றுவரை யாரையும் அதில் உட்கார விடவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில், ஊற்றுக்கு மேலே நின்ற பெரிய முவுலே மரம் புயலில் சாய்ந்தது. சாய்ந்தது எங்கே? நேராக ஊற்றின் வாயில். பாட்டிலுக்கு மூடி போட்டதுபோல. மரத்தைச் சுற்றிச் சேறு சேர்ந்தது. தண்ணீர் நின்றுபோனது.

அன்றிலிருந்து நகபீராப் பிள்ளைகள் மலையைத் தாண்டி கஸோஸி ஊருக்குத்தான் தண்ணீருக்குப் போனார்கள். அங்கே ஊற்றடியில் பையன்கள் காத்திருப்பார்கள்.

“டேய், நகபீரா வந்துருச்சுடா! வழி விடுங்க, பாவம், நாக்கு தொங்குது பாரு!”

“உங்க ஊர்ல பெஞ்சு இருக்காமே, அதைப் பிழிஞ்சு குடிக்கிறதுதானே?”

நஸ்ஸங்கா பல்லைக் கடித்துக்கொண்டு தன் மஞ்சள் கேனை நிரப்புவாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி இறங்குவதற்குள் பள்ளியில் பாதிப் பாடம் முடிந்திருக்கும். தாமதமாக வந்தவர்கள் மைதானத்தில் புல் பிடுங்க வேண்டும் என்பது சட்டம். அவள் பிடுங்கிப் பிடுங்கி மைதானத்தில் புல்லே தீர்ந்துவிட்டது. தலைமையாசிரியர் அவளுக்காகப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புல் வாங்கி நடவேண்டியதாயிற்று.

அப்போதுதான் நல்ல செய்தி வந்தது. தலைநகர் கம்பாலாவில் உள்ள பெரிய சங்கம், சிமெண்டும் குழாய்களும் லாரியில் அனுப்பச் சம்மதித்தது. ஊற்றை இனி எந்த மரமும் மூடாதபடி கட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை மதியம் லாரி வரும்போது மரமும் சேறும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால், லாரி நிற்காமல் கஸோஸிக்குப் போய்விடும்.

“கவலையே படாதீங்க! ஊரே திரண்டு வரும்!” என்று கலிபாலா தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு மணியும் அடித்தார்.

சனிக்கிழமை விடிந்தது. ஊர் முரசுக்காரர் ஸ்ஸாலோங்கோ முபிரு, ஊர் வேலைக்கு அழைக்கும் அடியை அடித்தார். ‘படுத்திருப்பவர் எனக்கு வேண்டாம்’ என்பது அந்த அடிக்குப் பொருள். ஸ்ஸாலோங்கோ என்றால் இரட்டையருக்கு அப்பா. முபிரு மூன்று ஜோடி இரட்டையருக்கு அப்பா. அதனால் அவருக்கு எப்போதும் தூக்கம் பாக்கி. ‘படுத்திருப்பவர் எனக்கு வேண்டாம்’ என்று அடித்து முடித்தார், போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊற்றடிக்கு வந்தவர்கள்: நஸ்ஸங்கா, அவள் அப்பா, அவர் இடுப்பில் தம்பி, ஓர் ஆடு. ஆடு மேய வந்தது.

கலிபாலா வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறி, ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே ஊரைச் சுற்றினார். “அன்பார்ந்த பொதுமக்களே! கடமை அழைக்கிறது!” பொதுமக்கள் கையசைத்தார்கள். சிலர் வாழைக்காயை உரித்துக்கொண்டே கையசைத்தார்கள்.

நஸ்ஸங்கா ஏறும் வெயிலைப் பார்த்தாள். லாரி கஸோஸிக்குப் போய்விட்டால் அந்தப் பையன்களின் வாயை யார் அடைப்பது? அவள் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடினாள். முதல் வீடு சாப்பாட்டுக்கடை அம்மாவுடையது. பெரியவர்களிடம் பேசும் ஊர் வழக்கப்படி, நஸ்ஸங்கா வாசலில் முழங்காலிட்டு வணங்கிவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, ஊற்றடிக்கு வரலையா?”

“நான் ஒருத்தி வரலேன்னா என்ன கண்ணு? அதான் ஊரே வருதாமே!”

அடுத்த வீட்டில் ஒரு தையல்காரர்.

“ஊர் வந்துடும் பொண்ணே. நீ ஏன் வேர்க்க வேர்க்க ஓடுறே?”

அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். எல்லோரும் ஊர் வரும் என்று சொன்னார்கள். இந்த ஊர் எந்த வீட்டில்தான் இருக்கிறது என்று நஸ்ஸங்கா கடைசி வீடுவரை தேடிப் பார்த்தாள். எந்த வீட்டிலும் ஊர் இல்லை. ஆட்கள்தான் இருந்தார்கள்.

அவள் நின்றாள். யோசித்தாள். பிறகு நேராக முபிருவின் வீட்டுக்குப் போனாள்.

“ஸ்ஸாலோங்கோ ஐயா, ஊர் அடியை அடிக்காதீங்க. குல அடியை அடிங்க.”

அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு குலம் உண்டு. சேற்றுமீன் குலம், வெட்டுக்கிளிக் குலம், குரங்குக் குலம், காளான் குலம். ஒவ்வொரு குலத்துக்கும் தனி முரசடி. கல்யாணத்தில் தன் குல அடி கேட்டால், வாயில் சோறு இருந்தாலும் எழுந்து ஆடியே ஆக வேண்டும்.

முபிரு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “கை வலிக்குதும்மா.”

“அப்ப நான் அடிக்கிறேன்.”

இரண்டாவது கண்ணும் திறந்தது. “பொம்பளைப் பிள்ளை முரசைத் தொடக் கூடாது. மூதாதையர் சொல்லியிருக்காங்க.”

“கேனைத் தொடலாமா?”

“எந்தக் கேனை?”

“தண்ணிக் கேனை.”

முபிரு மூதாதையர் சொன்னதையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “கேனைப் பத்தி மூதாதையர் ஒண்ணும் சொன்னதாத் தெரியலையே…”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே நஸ்ஸங்கா கேனைக் கவிழ்த்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் இருந்திருந்தால் அது சத்தமே போட்டிருக்காது. காலியாக இருந்ததால் இடி இடித்தது. முதலில் சேற்றுமீன் குலத்தின் அடி. டுகுடும் டும்! டுகுடும் டும்!

“ஏய், அது எங்க குலம்!” என்றார் முபிரு. “நான் வர மாட்டேன். எனக்குத் தூக்கம்… அடடா, கால் போகுதே! யாராவது காலைப் பிடிங்களேன்!”

கால் வாசலைத் தாண்டிவிட்டது. மூன்று ஜோடி இரட்டையரும் பின்னால் ஓடினார்கள். தெரு முழுக்கச் சேற்றுமீன் குலத்தார் வெளியே வந்தார்கள். மேட்டிலிருந்து நடந்தா போனார்கள்? வயிற்றால் சறுக்கி, நேரே ஊற்றுச் சேற்றில் போய் விழுந்தார்கள். தலை முழுகும் சேற்றில் மண்வெட்டியோடு உள்ளே போனவர்கள், சேறு தீர்ந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

அடுத்து வெட்டுக்கிளி அடி. டக் டக் டகட்டக்! அப்போது கலிபாலா ஒலிபெருக்கியில் ‘கடமை’ என்ற சொல்லின் நடுவில் இருந்தார். அவர் வெட்டுக்கிளிக் குலம். ‘கட’ மோட்டார் சைக்கிளில் கேட்டது, ‘மை’ ஊற்றடியில் கேட்டது. நடுவில் இரண்டு வேலிகளையும் ஒரு வாழைத் தோட்டத்தையும் தாவியிருந்தார். மணி மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

குரங்குக் குலத்தார் தரையில் கால் வைக்கவேயில்லை. மரத்துக்கு மரம் வந்து, முவுலேயின் கிளைகளை வெட்டித் தள்ளினார்கள்.

“கிளையை வெட்டச் சொன்னா அதுலயே ஊஞ்சல் ஆடுதுங்க பாரு!” என்றார் முபிரு சேற்றிலிருந்து.

“நீங்க முதல்ல மூஞ்சியக் கழுவுங்க, எது முன்பக்கம்னே தெரியல!” என்றது மரத்திலிருந்து ஒரு குரல்.

காளான் குலத்தார்தான் நகரவில்லை. காளான் எங்கே நகரும்? நஸ்ஸங்கா விடவில்லை. பொத்துப் பொத்தென்று அவர்கள் அடியை அடித்தாள். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒரு காளான் முளைத்தது. குடைபோல விரிந்து, கட்டிலைக் கூரைவரை தூக்கியது. சாப்பாட்டுக்கடை அம்மா நாற்காலியோடு மேலே போனார். கூரையில் தலை இடித்ததும் எல்லோரும் இறங்கினார்கள். இறங்கியதுதான் இறங்கினோம், ஊற்றுவரை போய்விட்டு வருவோம் என்று கிளம்பினார்கள். அந்த அம்மா அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். வேலை செய்தவர்களுக்கு அவித்த வாழைக்காயும் வேர்க்கடலைக் குழம்பும் அங்கேயே தயாரானது.

மதியம் லாரி வந்தது. முன்னிருக்கையிலிருந்து கம்பாலாச் சங்கத்தின் அம்மையார் இறங்கினார். சேறு இல்லை. கிளைகள் இல்லை. ஆனால் அடிமரம் அப்படியே கிடந்தது. நான்கு குலங்களும் கயிறு கட்டி இழுத்தன. கயிறு நீண்டது. மரம் நகரவில்லை.

மலை மேலே கஸோஸிப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டினார்கள். “லாரி அண்ணே! எங்க ஊருக்கு இந்தப் பக்கம் வழி!”

அம்மையார் பெருமூச்சு விட்டார். “ரொம்ப வருத்தமா இருக்கு, கலிபாலா. ஆனா பேச்சு பேச்சுதான்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

“கொஞ்சம் இருங்கம்மா!” நஸ்ஸங்கா ஓடிவந்து லாரிக்கு முன்னால் முழங்காலிட்டாள். மரியாதைக்கு மரியாதை, லாரியும் நகர முடியாது. “இன்னும் ஒரு குலம் பாக்கி இருக்கு.”

“எந்தக் குலம்?”

“எங்க குலம். யானைக் குலம்.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “யானைக் குலமா? உங்க அப்பா, நீ, உன் தம்பி, மூணு பேரு! மூணு பேரும் இங்கதானே நிக்கிறீங்க?” என்றார் முபிரு.

“அதுல தம்பிக்கு இன்னும் பல்லே முளைக்கல,” என்றார் தையல்காரர்.

அதனால்தான் காலையிலிருந்து நஸ்ஸங்கா அந்த அடியை அடிக்கவில்லை. வெட்கம். மற்ற குலங்கள் கூட்டம் கூட்டமாக வரும்போது, தன் குலத்தை அழைத்தால் யார் வருவார்கள்? அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். “கூப்பிட்டுத்தான் பாரேன். நமக்கு என்ன, கேன் நம்மளுதுதானே?”

அவள் கேனைத் தரையில் ஊன்றினாள். மெதுவாக, கனமாக அடித்தாள். தொம்… தொம்… தொம்… மூன்றாவது அடியில் கேனின் அடிப்பக்கம் பிளந்தே போனது.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியது.

முதலில் குழம்புச் சட்டியில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. பிறகு வாழைத் தோட்டம் நடுவில் விலகியது. கல்யாண வீட்டில் நாற்காலிகளுக்கு நடுவே நுழையும் பெரிய மனிதரைப் போல, ஓர் இலையைக்கூடக் கிழிக்காமல், பக்கவாட்டில் திரும்பித் திரும்பி ஒரு யானை வந்தது.

கலிபாலாவுக்குக் கை நடுங்கியது. கையில் மணி இருந்ததால் மணி அடித்தது. சங்கத்தின் ஒழுங்கு யானைக்கும் தெரிந்திருக்க வேண்டும், மணி ஓயும்வரை நின்றது. ஓய்ந்ததும் தும்பிக்கையால் முவுலேயைத் தூக்கியது. உங்கள் வீட்டில் அகப்பையைத் தூக்குவார்களே, அவ்வளவுதான். தூக்கி, ஊற்றின் ஓரமாக, ஊரே உட்காருவதற்கு வாட்டமாகப் படுக்க வைத்தது.

பாட்டில் மூடி திறந்தது. தண்ணீர் பாய்ந்தெழுந்து அம்மையாரின் குடையைப் பறித்துக்கொண்டு போனது. நகபீரா போட்ட கூச்சலில் மலை மேலே உட்கார்ந்திருந்த கஸோஸிப் பையன்கள் உருண்டு ஊற்றடிக்கே வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.  நஸ்ஸங்கா அவர்களுடைய கேனை வாங்கினாள். புது ஊற்றின் முதல் தண்ணீரை அதில் நிரப்பினாள்.

“இந்தாங்க, குடிங்க. நாக்கு தொங்குது பாருங்க.”

லாரியிலிருந்து சிமெண்டு இறங்கியது. அம்மையார் தன் கையாலேயே யானைக்கு ஒரு மஞ்சள் மேலங்கியை மாட்டப் பார்த்தார். ஒரு காதுக்கே போதவில்லை. தந்தத்தில் தொங்கவிட்டார்கள். சங்கத்தில் சேரும்படி கலிபாலா அழைத்தார். யானை சம்மதிப்பதுபோலத்தான் நின்றது. எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வர வேண்டும் என்றதும் திரும்பிப் போய்விட்டது.

இப்போது நகபீராவில் பள்ளிக்கு நஸ்ஸங்காதான் முதலில் போகிறாள். மைதானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. அந்த முவுலே மரத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அதில் குட்டிக் கரங்கள் மன்றம், சங்கத்தின் பச்சை வர்ணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து, வந்து வேலை செய்த குலங்களின் பெயர்களை எழுதியிருக்கிறது. சேற்றுமீன், வெட்டுக்கிளி, குரங்கு, காளான். கடைசியில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், யானை.

அதற்கு முன் நகபீராப் பக்கம் கடைசியாக ஒரு யானை வந்தது, நஸ்ஸங்காவின் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முந்தின வருடம்.