நாலாம் எண்ணுக்கு வந்த பெட்டி

நீதிபதி ஹிராத்சுகா குடையும் கையுமாகத் தன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே விஷயம் பெரியது என்று முனகாதா ஃபுமியேவுக்குப் புரிந்துவிட்டது. நீதிபதிகள் யார் வீட்டுப் படியும் ஏறுகிறவர்கள் அல்ல. முப்பத்துநாலு வருடம் நீதிமன்ற அலுவலகத்தில் இருந்து, போன வசந்தத்தில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற அம்மாள் அவள். காணாமல் போன கோப்பிலிருந்து காணாமல் போன சாட்சிவரை அவள் கண்டுபிடித்துக் கொடுத்தது உண்டு. ஆனால் அதற்கெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

நீதிபதி தேநீரைத் தொடாமலே சொல்லி முடித்தார். கிசுரா நகரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வழக்கு அது. பொதுக் குளியலகம் நடத்திய ஒகுமா என்பவர், கும்பல்காரர்களுக்கு இங்கே இடமில்லை என்று வாசலில் பலகை மாட்டினார். அவர் செத்து நாளையோடு சரியாக ஒரு வருடம். அன்று காலையில் கடைத் திரையை மாட்ட வெளியே வந்தவரைச் சுட்டுவிட்டார்கள். சுடச் சொன்னதாகக் கும்பலின் தலைவன் இப்போது கூண்டில் நிற்கிறான். மூன்று நீதிபதிகளோடு ஊர்ஜனம் ஆறு பேரும் ஜூரிகளாக மேடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். திரை போட்ட வேனில் பின்வாசல் வழியாக வந்து போவார்கள். பெயர், விலாசம் உள்ள ஒரே பட்டியல் மிசோகுச்சி என்ற எழுத்தரிடம் பூட்டில் இருந்தது.

நேற்று நாலாம் எண் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. மேலே கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு. சாவுக் காரியத்துக்கு மட்டுமே கட்டுகிற கயிறு அது. அனுப்பியவர் பெயர் இல்லை. அந்த வீட்டில் யாரும் சாகவும் இல்லை. புருஷன் பதறிப்போய் நீதிமன்றத்துக்கு போன் செய்துவிட்டான்.

"மத்த அஞ்சு பேருக்கும் இன்னும் சொல்லல. சொன்னா ஒருத்தர்கூட உட்கார மாட்டாங்க. திங்கக்கிழமை காலைல நான் முடிவெடுக்கணும். ஆறு பேரையும் அனுப்பிட்டு நாங்க மூணு பேரே தீர்ப்பு சொல்லலாம், சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஊரே பயந்துடுச்சுன்னு அவனுங்க சிரிப்பானுங்க" என்றார் நீதிபதி.

மிசோகுச்சி என்ன சொல்கிறான் என்று முனகாதா கேட்டாள். தான் செய்யவில்லை என்று சொன்னானாம். ஆனாலும் பட்டியல் தன் பொறுப்பில் இருந்ததால், காலையிலேயே ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, இடுப்பு வளையக் குனிந்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் குனிவையே ஒப்புதல் என்று அலுவலகம் பேசிக்கொண்டிருந்தது. செய்யாத தப்புக்குக் குனிவதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை நல்லவர்கள் இதனால் கெட்டார்களோ!

நாலாம் எண் வீட்டுக்குக் காரை ஓட்டிப் போனவன் நீதிமன்றக் காவலன் கோகா. மலை மாதிரி உடம்பு, எதையும் முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற துடிப்பு. வழியெல்லாம் கும்பல்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தான். தினமும் கறுப்பு கோட்டில் நீதிமன்ற முன்வரிசைக்கு வந்து, ஒகுமாவின் மனைவி உள்ளே வந்தால் எழுந்து நின்று வணங்குகிறார்களாம்.

"கொன்னதும் அவனுங்க, சாவுக்கு மலர்வளையம் அனுப்புனதும் அவனுங்கதாம்மா. மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்ல. வேன் பின்னாடியே வந்து வீட்டைப் பார்த்திருப்பானுங்க, வேற என்ன?"

"வேன் பின்னாடி வந்தா வீடு தெரியும், கோகா. பெட்டி மேல அந்தம்மாவோட முழுப் பெயரும் இருக்காமே. வாசல் பலகைல குடும்பப் பெயர்தானே இருக்கும்?"

நாலாம் எண் யசுனாகா கிமிகோ என்ற ஐம்பது வயதுப் பெண். பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை. புருஷன் பெட்டியைக் குண்டு மாதிரி தள்ளியே வைத்திருந்தான். முனகாதா அதைத் திறந்தாள். உள்ளே நல்ல பச்சைத் தேயிலையும் உலர்ந்த கடற்பாசியும் இருந்தன. பெரிய கடையின் உறைக்காகிதம், துக்கத்துக்கு மடிக்கிற பக்கமாகவே சரியாக மடித்திருந்தது. அவள் கண் அறையைச் சுற்றியது. திரைக் கம்பியில் சலவைக்கடை உறையோடு ஒரு கறுப்பு உடை தொங்கியது. போன திங்கட்கிழமை சலவைக்குக் கொடுத்ததாகச் சீட்டு சொன்னது. வீட்டில் கடைசித் துக்கம் எப்போது என்று புருஷனைக் கேட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா போனதுதான் என்றான்.

முனகாதா செருப்பு மாட்டும்போது கிமிகோ வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்னை நீக்கிடுவாங்களா?"

காரில் கோகா அந்த அம்மாளின் தைரியத்தை மெச்சிக்கொண்டே வந்தான். போலீஸ் காவல்கூடக் கேட்கவில்லையே என்றான். அதுதான் தனக்கும் உறுத்துகிறது என்றாள் முனகாதா.

சனிக்கிழமை மதியம் நீதிபதியின் அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். நீதிபதி, முகம் வெளுத்த மிசோகுச்சி, கிமிகோ, முனகாதா. கோகா கதவருகே நின்றான். வெளியே மழை விடவே இல்லை.

"மிரட்டுறவன் தேயிலை அனுப்ப மாட்டான்" என்று தொடங்கினாள் முனகாதா. "துக்கம் வீட்டுல தங்கக் கூடாதுன்னு, தீர்ந்துபோற பொருளா பார்த்துக் கொடுக்குறது நம்ம வழக்கம். துக்கத்துக்கு வந்தவங்களுக்குத் திருப்பிச் செய்யற மரியாதை அது. அங்கேயே கையில கொடுத்துடுவாங்க. வாங்கிக்காம போனவங்களுக்குத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்போ இந்தம்மா ஒரு துக்கத்துக்குப் போயிட்டு நிக்காம கிளம்பியிருக்காங்க. திங்கக்கிழமை கறுப்பு உடை சலவைக்குப் போயிருக்கு, அப்போ ஞாயித்துக்கிழமை. ஆனா எங்கன்னு புருஷனுக்கே தெரியாது. இன்னியோட ஒகுமா செத்து ஒரு வருஷம். வருஷ திதியை முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல செஞ்சுடுவாங்க."

கிமிகோவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"வாசல்ல மேஜை போட்டு நோட்டு வெச்சிருந்தாங்க, இல்லையாம்மா?"

"ஆமா" என்றாள் கிமிகோ. "பேனாவை நீட்டினாங்க. பேர், விலாசம், எல்லாம் எழுதிட்டேன். எழுதி முடிச்ச பிறகுதான் என்ன செஞ்சேன்னு உறைச்சுது. எழுதின பேரை அடிச்சுட்டு வந்தா அபசகுனம்னு விட்டுட்டேன்."

ஏன் போனாய் என்று நீதிபதி கேட்டார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"மூணு வாரமா அவரை 'இறந்தவர்'னுதான் எல்லாரும் சொல்றீங்க. எனக்கு எண், அவருக்கு அதுவும் இல்ல. ஒரே ஒரு தடவை அவர் பேரைச் சொல்லி ஊதுபத்தி ஏத்தணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

திருமதி ஒகுமா தினமும் நீதிமன்றத்துக்கு வருகிறவள், கோயிலில் இந்த முகத்தை அடையாளம் கண்டிருப்பாள், அதனால்தான் தன் பெயர் போடாமல் அனுப்பினாள் என்றாள் முனகாதா. பெயரை மறைக்கத் தெரிந்தவளுக்கு மரியாதையை மட்டும் விட முடியவில்லை. இந்த இரண்டு பெண்களையும் நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

பாதிக்கப்பட்டவர் குடும்பத்தோடு தொடர்பு வைத்த ஜூரி மேடையில் உட்கார முடியாது. நீதிபதி கிமிகோவை நீக்கினார். மாற்று உறுப்பினர் உட்காருவார், வழக்கு நிற்காது. ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மிசோகுச்சியிடமே நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டு, வழக்கம்போலக் குனிந்தான். கிமிகோவும் குனிந்துவிட்டு வெளியே போனாள்.

கோகா சந்தோஷமாகிவிட்டான். கும்பலுக்கு எதுவுமே தெரியாது, கதை முடிந்தது என்றான். முனகாதா மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டாள். அந்த நோட்டில் கிமிகோவின் பெயர் இருக்கும்வரை முடியவில்லை என்று சொல்லி அவனைக் காரை எடுக்கச் சொன்னாள்.

ஒகுமாவின் குளியலகம் மூடிக் கிடந்தது. கொதிகலன் அணைந்து ஒரு வருடமான வீட்டின் ஈரக் குளிர் உள்ளே இருந்தது. அன்று அவர் செத்த நாள் என்பதால் அவர் படத்துக்கு முன்னால் புதிதாகப் பூ வைத்திருந்தது. திருமதி ஒகுமா எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கவும் சம்மதித்து நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள்.

கிமிகோவின் கையெழுத்து உருண்டையாக, தெளிவாக இருந்தது. விலாசத்தில் வீட்டு எண்வரை விடவில்லை. முனகாதாவின் விரல் அடுத்த வரிக்கு இறங்கி நின்றது. தூரிகையில் எழுதியதுபோல அழகான எழுத்து. கோகா குனிந்து பார்த்தான்.

"ஷிராகி" என்றான். "முன்வரிசைல உட்கார்ந்து இருபது நாளா கிமிகோ அம்மா முகத்தையே பார்த்துட்டு இருக்குறவன். விலாசம் அவங்க கும்பலோட ஆபீஸ்."

வாசலில் வரிசை. கிமிகோ குனிந்து எழுதுகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், அடுத்த ஆளாக, பொறுமையாகக் கைகட்டி நிற்கிறான் அவன். பேனாவை அவனுக்கு அவளே நீட்டியிருப்பாள்.

"அவரும் ஊதுபத்தி ஏத்திட்டு நிக்காமப் போயிட்டாரு. அவருக்கும் தேயிலை அனுப்பிட்டேன். அனுப்பாம இருக்கக் கூடாதில்லையா?" என்றாள் திருமதி ஒகுமா.

கோகா போனை எடுத்து ஓடினான். முனகாதா அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. இனி கிழித்து என்ன ஆகப்போகிறது? அன்று இருட்டுவதற்குள் யசுனாகா தம்பதி இரண்டு பெட்டிகளோடு அதே திரை போட்ட வேனில் ஏறி ஊரைவிட்டுப் போனார்கள். எங்கே என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. வீட்டு வாசலில் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.