கடத்தல்காரன் கேட்ட ஓ.டி.பி.

"அய்யோ... சாரே!"

ஜெஸ்மியின் அலறல் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது!

ஜூலை 31. காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

வருமான வரி ஆலோசகர் ஞானதாசனின் அறை. கவிழ்ந்து கிடந்த நாற்காலி. சிதறிய காகிதங்கள். தரையில்... சிவப்பாக ஒரு திட்டு!

ஞானதாசனைக் காணவில்லை!

சப்-இன்ஸ்பெக்டர் ஆதிரா வந்து சேர்ந்தபோது வாசலில் நாற்பத்து மூன்று பேர் டோக்கனோடு நின்றார்கள். எல்லோருக்கும் இன்றுதான் கடைசி நாள்.

"மேடம்... நான் டோக்கன் ஏழு," என்றார் ரப்பர் தோட்டக் கணக்கப்பிள்ளை முத்துநாயகம். "சாரு உயிரோட உண்டா, இல்லியா? உண்டுன்னா நிக்கேன். இல்லேன்னா மார்த்தாண்டத்துல வேற ஆளைப் பாக்கணும்."

"ஓரமா நில்லுங்க!"

உள்ளே போனாள். ஜெஸ்மி மூலையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அவருக்கு உதவியாளர்.

"மேடம்... அது சாருக்க ரத்தம்!"

ஆதிரா குனிந்தாள். விரலால் தொட்டாள். முகர்ந்தாள்.

"ஸ்டாம்ப் பேடு மை."

"அப்போ சாருக்கு ரத்தம் போவலியா?"

"ஏன், வருத்தமா? அவருக்க லேப்டாப் எங்க?"

"காணல்ல! காரையும் காணல்ல! ஜூலை முப்பத்தொண்ணு சாரு டீ குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டாரு மேடம். ஆரோ தூக்கிட்டுப் போயிட்டாவ!"

ஆதிராவின் புருவம் நெரிந்தது. பணப்பெட்டி பூட்டியபடியே இருக்கிறது. லேப்டாப்பும் ஆளும் மட்டும் மாயம். யாருக்கு வேண்டும்... ஒரு வரி ஆலோசகர்?

அப்போதுதான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே பாய்ந்தாள்.

"எனக்க ஆளை எங்க? எட்டு மணிக்கு இங்க வந்தவரு! இன்னும் வரல்ல!"

"நீங்க?"

"ராகேலு. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ரசலையனுக்க பெஞ்சாதி. அவருக்குப் போன் கெடையாது. ஆதாரெல்லாம் எனக்க நம்பர்லதான். காலையில இருந்து மூணு ஓ.டி.பி. வந்தாச்சு மேடம்!"

ஆதிரா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். வருமான வரி இணையதளத்திலிருந்து ஆறு இலக்கங்கள்!

மூளைக்குள் மின்னல்!

"புரிஞ்சு போச்சு... ஒங்க வீட்டுக்காரருக்க ரிட்டனை இப்போ எங்கேயோ இருந்து ஆரோ போடுதாவ! டோக்கன் வரிசையில நிக்க முடியாம... ஞானதாசனைக் கடத்திட்டாரு ரசலையன்!"

"எனக்க ஆளா?" ராகேல் வாயைப் பிளந்தாள். "பல்லியைக் கண்டா கட்டில்ல ஏறுவாரு!"

ட்ரிங்... ட்ரிங்...!

ராகேலின் கையில் போன். தெரியாத எண்!

ஆதிரா ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"சத்தம் போடாண்டாம்..." துணியால் பொத்திய கரகரப்பான குரல். "ஒனக்க ஆளு உயிரோட வேணும்னா... ஓ.டி.பி.யைச் சொல்லு!"

"சொல்ல மாட்டேன்!"

"என்னது?"

"ஆரு கேட்டாலும் சொல்லப்படாதுன்னு பேங்க்ல பறஞ்சிருக்காவ! வேணும்னா நேர்ல வாரேன். எடத்தைச் சொல்லு!"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"சிதறால் மலை அடிவாரம். கொல்லமாவு மூட்டுல. வெரசா வா. வெப்சைட்டு தொங்குது!"

டொக்!

*

ராகேலையும் ஏற்றிக்கொண்டு ஜீப் சிதறாலை நோக்கிச் சீறியது.

கொல்லமாவு எனும் முந்திரி மரத்தடியில் ஒரு பழைய வெள்ளைக் கார். முன் சீட்டில் ரசலையன்!

ஆதிரா துப்பாக்கியை நீட்டினாள்.

"ரசலையன்! கையைத் தூக்கும்!"

"எப்படித் தூக்க மேடம்? கெட்டிப் போட்டிருக்காருல்லா!"

ஆதிரா உற்றுப் பார்த்தாள். சீட் பெல்ட்டுக்கு மேல் ஒரு துவர்த்துத் துண்டு... இறுக்கமாக இரண்டு முடிச்சு!

காரின் பின்னாலிருந்து ஓர் உருவம் எழுந்தது. கையில் லேப்டாப்.

ஞானதாசன்!

"நீங்களா?" ஆதிராவின் துப்பாக்கி தடுமாறித் திரும்பியது. "அப்போ கடத்தினது...?"

"நான்தான் மேடம்." ஞானதாசனின் கண்கள் கலங்கியிருந்தன. "இருவத்திரெண்டு வருசம்... எனக்க கிட்ட வந்த ஒரு ஆளும் கடைசித் தேதி தாண்டினதில்ல. இவரு காலையில வந்து, இந்த வருசம் ரிட்டனே வேண்டாம், பேப்பரைத் தாரும்னு பிடிச்சு இழுக்காரு. ஸ்டாம்ப் பேடும் போச்சு, நாற்காலியும் போச்சு!"

"வேண்டாம்தானே?" ரசலையன் சீறினார். "பன்னிரண்டு லட்சம் வரை வரி கெடையாதுன்னு டி.வி.ல பறஞ்சாவ. எனக்க பென்ஷன் ஏழு லட்சம். பின்ன என்னத்துக்கு?"

"வரி கெடையாது! ஆனா நாலு லட்சம் தாண்டினா ரிட்டன் உண்டுவே! இன்னைக்கு விட்டா ஐயாயிரம் அபராதம்! படிச்சுப் படிச்சுப் பறஞ்சேன், ஓடப் பாத்தாரு. அதான் பின்வாசல் வழியா கார்ல தூக்கிப் போட்டுட்டு வந்தேன்."

"பின்ன ஏன் கொரலை மாத்திப் பேசினீரு?"

"நான் ஆபீசை விட்டு வெளிய வந்தது தெரிஞ்சா, வாசல்ல நிக்கிய நாப்பத்திமூணு பேரும் என்னைக் கொல்லுவாவ மேடம்!"

ராகேல் கணவனின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"ஐயாயிரமா? எனக்க அஞ்சு மாசத்து மீன் காசுல்லா அது! சாரே... புது ஓ.டி.பி. வந்திருக்கு, எழுதும்!"

ஆறு இலக்கங்கள்... ஒரு தட்டல்... திரையில் பச்சை நிற டிக்!

ஞானதாசன் விசும்பி விசும்பி அழுதார். ஆனந்தக் கண்ணீர்!

முடிச்சு அவிழ்ந்த ரசலையன் மணிக்கட்டைத் தடவினார். நிமிர்ந்தார்.

"மேடம்... எனக்குப் புகார் உண்டு. எழுத்துல தாரேன்."

"ஏறும் ஜீப்புல!" என்றாள் ஆதிரா ஞானதாசனிடம். அவருக்கு விலங்கு மாட்டினாள். க்ளிக்!

"மேடம்! என்னை விடுங்க! ஊராளுக்கெல்லாம் போட்டேன்... எனக்க சொந்த ரிட்டனை இன்னும் போடல்ல!"

ஆதிரா அவர் தோளைத் தட்டினாள்.

"பயப்படாதீங்க சாரே... ஆள்கடத்தலுக்கு ஏழு வருசம். உள்ள வருமானமே கெடையாது... ரிட்டனே போடாண்டாம்!"