கட்டுப் போட்ட கை

வலது கையா, இடது கையா?

இத்தனை வருடத்துக்குப் பிறகு, அந்த வார்டில் வேலை பார்த்த எனக்கே சந்தேகம். கட்டு இருந்தது வலது கையில் என்றுதான் நினைவு. தப்பாகவும் இருக்கலாம்.

அந்த அலறல் மட்டும் தப்பில்லை.

"டாக்டர்ர்ர்...!"

அலறியவள் நர்ஸிங் மாணவி. எதிரே கட்டிலில், வாந்தி பேதியென்று காலையில் வந்த தையல்கடைக்காரர். கட்டுப் போடாத கையில் டிரிப்ஸ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

இதயம் நின்றிருந்தது!

'அந்தப் பொண்ணுதான் கொன்னுட்டா' என்று புகார் கொடுத்தது இறந்தவரின் தம்பி. இன்ஸ்பெக்டர் வந்தார். நர்ஸ்கள் அறையில் விசாரணை.

"என்ன டாக்டர் ஏத்துனீங்க?"

"பொட்டாசியம் சார். ரத்தத்துல ரொம்பக் கம்மின்னு ரிசல்ட் வந்துச்சு. கம்மியானா இதயம் தடுமாறும்."

"கூடினா?"

"நின்னுடும்."

டாக்டர் சட்டென்று மாணவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ரத்தம் எந்தக் கையில எடுத்தே?"

"டிரிப்ஸ் போற கையில, டாக்டர்..."

டாக்டர் ரிசல்ட் தாளை எடுத்துப் பார்த்தார்.

"போச்சு சார்! டிரிப்ஸ்ல போறது உப்புத் தண்ணி. அதுல பொட்டாசியமே கிடையாது. இவ எடுத்தது பாதி ரத்தம், பாதி அந்தத் தண்ணி. அதான் கம்மியாக் காட்டியிருக்கு. உடம்பு வத்திப்போய், கிட்னி வேலை செய்யாம, நெஜத்துல அவருக்கு ஏற்கெனவே கூடியிருந்திருக்கு. அதுக்கு மேல நானும்..."

"இன்னொரு கைக்கு என்ன கேடு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கட்டுப் போட்டிருந்துச்சு சார்!" மாணவி விம்மினாள். "அவரு அரை மயக்கத்துல கெடந்தாரு. எலும்பு முறிஞ்சிருக்கு, தொடாதேன்னு அவரு தம்பிதான் சொன்னாரு. டிரிப்ஸ் கையில எடுக்கக்கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. அதையும் சொன்னேன். 'நான் லேப்ல வேலை பாக்கறவன், எனக்கே பாடமா? எடும்மா, ஒண்ணும் ஆகாது'ன்னாரு... எங்க வீட்ல படிக்க வந்ததே நான் ஒருத்திதான் சார்..."

இன்ஸ்பெக்டர் கத்தரியை வாங்கினார். பிணத்தின் கையிலிருந்த கட்டை நறுக்கினார்.

வீக்கமில்லை. கீறல்கூட இல்லை!

தம்பி வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"கட்டுப் போட்டது யாரு?"

"நான்தான் சார். அண்ணன் வலிக்குதுன்னாரு."

"டிரிப்ஸ் கையில எடுக்கச் சொன்னது?"

"நானா? பாவம், சின்னப் பொண்ணு. பயத்துல உளறுது."

"இனி அண்ணன் வீடு யாருக்கு?"

"அண்ணனுக்கு என்னை விட்டா வேற யாரு சார் இருக்கா?" டீ கப்பைக் கசக்கி எறிந்தான். "கட்டுப் போட்டது குத்தம்னா கைது பண்ணுங்க!"

இன்ஸ்பெக்டர் நறுக்கிய கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வலித்ததா என்று இனி யாரைக் கேட்பது?

கேஸ் நிற்கவில்லை. மாணவியின் படிப்பு அன்றோடு நின்றது. இப்போது ஒரு கடையில் துணி மடிக்கிறாள். டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். தம்பி அண்ணன் வீட்டுக்கு மாடி எழுப்பிவிட்டான்.

போன மாதம் அவனுக்கும் வாந்தி பேதி. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுக்க நர்ஸ் வந்ததும், அவள் கேட்பதற்கு முன்பே மறு கையை நீட்டினானாம்.

"ரொம்ப விவரமான பேஷண்ட் சார் நீங்க!" என்று பாராட்டிவிட்டுப் போனாளாம் அவள்!